டிகிரி வந்தாயிற்று, சொத்து எப்போது வரும்?

விபத்து இழப்பீடு கட்டாத அரசுப் பேருந்து ஜப்தி என்ற செய்தி தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி வரும். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் கோர்ட் ஊழியரான அமீனா ஏறுவார். உத்தரவைக் கண்ணாடியில் ஒட்டுவார். பயணிகள் முணுமுணுத்தபடி பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். வண்டி கோர்ட் வளாகத்துக்குப் போய் நிற்கும். ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த பணத்துக்கு அதன் பிறகுதான் செக் எழுதுவார்கள். பேருந்தை ஒளித்துவைக்க முடியாது என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். அது எந்த வழித்தடத்தில் ஓடுகிறது, எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்பது ஊருக்கே தெரியும்.

விவாகரத்தான கணவனின் சொத்து அப்படி டைம்டேபிள் போட்டுக்கொண்டு வருவதில்லை. தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் உறவினர்கள் கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பணமும் வந்திருக்காது, நகையும் வந்திருக்காது, வீட்டுச் சாவியும் வந்திருக்காது. டிகிரி, அதாவது நீதிமன்றத் தீர்ப்பாணை, பெற்ற பிறகுதான் இந்தியாவில் வழக்காடியின் கஷ்டமே ஆரம்பிக்கிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே ஒரு தீர்ப்பில் அலுத்துக்கொண்டது. சேலம் பகுதி நில வழக்கு ஒன்றில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தேங்கிக்கிடக்கும் நிறைவேற்று மனுக்களின் கணக்கைக் கேட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த கணக்குப்படி நிலுவை 8.82 லட்சம். அதில் தமிழ்நாட்டின் பங்கு 86,000-க்கும் மேல். ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2021-லேயே சொல்லியிருந்த மனுக்கள் இவை.

இந்தக் கூட்டத்தில் முந்திப் போக ஒரு வழி இருக்கிறது. ஆளைத் துரத்துவதை விட்டுவிட்டு, அவருடைய பொருளைக் கையில் வைத்திருக்கும் மூன்றாமவரைப் பிடிக்க வேண்டும். சம்பளம் முதலாளியின் கையில் இருக்கிறது. சேமிப்பு வங்கியின் கையில். நிலத்தின் கணக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில். இந்த மூவருக்கும் முன்னாள் மனைவியின் மேல் எந்தக் கோபமும் இல்லை. சரியான உத்தரவு வந்தால் கீழ்ப்படிந்துவிட்டுப் போவார்கள்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடலாம். விவாகரத்தானால் கணவன் சொத்தில் பாதி தானாக மனைவிக்கு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கோவாவின் சிவில் சட்டத்தை விட்டுவிட்டால் இந்தியாவில் அப்படி ஒரு பொது விதி கிடையாது. இந்து திருமணச் சட்டத்தின் 25-வது பிரிவு நிரந்தர ஜீவனாம்சம் தருகிறது. தேவைப்பட்டால் அதைக் கணவனின் அசையாச் சொத்தின் மேல் பாரமாக ஏற்றவும் வழி செய்கிறது. 27-வது பிரிவு, திருமணத்தை ஒட்டி வந்து இருவருக்கும் பொதுவாகிப்போன பொருள்களைப் பற்றியது. தம்பதியரின் மற்றச் சொத்துத் தகராறுகளைக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 7-வது பிரிவின் கீழ் தனி வழக்காகப் போடலாம். சீதன நகை பெண்ணுக்கு மட்டுமே சொந்தம். கணவன் வெறும் காவல்காரன் என்பதை உச்ச நீதிமன்றம் 1985-லேயே உறுதி செய்துவிட்டது. எந்தப் பிரிவின் கீழ் வந்தாலும் குடும்ப நீதிமன்றத்தின் டிகிரிக்கு சிவில் கோர்ட் டிகிரியின் பலம் உண்டு என்கிறது குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 18-வது பிரிவு.

வசூலில் தோற்கும் வழக்குகளில் பல, டிகிரி எழுதப்படும்போதே தோற்றுவிடுகின்றன. குறிப்பாக, பரஸ்பர சம்மத விவாகரத்தில்.

கோவையில் ஒரு தம்பதி பிரிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாட் மனைவிக்கு, கார் கணவனுக்கு, ஒரு வருடத்தில் 12 லட்சம் என்று இரு வீட்டுப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி, 100 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். கோர்ட்டில் தாக்கலான மனுவில் இருப்பதோ, எல்லாவற்றையும் பேசித் தீர்த்துக்கொண்டோம் என்ற ஒற்றை வரி. டிகிரியும் ஒற்றை வரியில், திருமணம் ரத்து செய்யப்படுகிறது என்று வந்து சேரும். பிறகு அந்த 12 லட்சத்துக்காக நிறைவேற்று மனு, வக்கீல்கள் சொல்லும் இ.பி., போட்டால் நீதிபதி டிகிரியைப் புரட்டிப் பார்ப்பார். அதில் 12 லட்சமும் இருக்காது, ஃபிளாட்டும் இருக்காது. டிகிரியில் இல்லாததை நிறைவேற்று நீதிமன்றம் சேர்க்கவும் முடியாது, இருப்பதைத் திருத்தவும் முடியாது. அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து புது வழக்குத்தான் போட வேண்டும்.

ஆகவே ஒப்பந்த நிபந்தனைகள் மனுவிலேயே இருக்க வேண்டும், டிகிரியின் பகுதியாகவும் ஆக வேண்டும். சர்வே எண், கதவு எண், நான்கு எல்லை, பிரிக்கப்படாத நிலத்தின் அளவு ஆகியவற்றோடு சொத்து அட்டவணையும் சேர வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. சமரச டிகிரி வழக்கில் சேராத அசையாச் சொத்தைத் தொட்டால், பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வழக்குச் சொத்தாகவே அது இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. பதிவு செய்யப் போகும் இடத்தில், டிகிரி வந்து நான்கு மாதம் தாண்டிவிட்டது என்று சார்பதிவாளர் திருப்பி அனுப்பினால், கோர்ட் டிகிரிக்கு அந்தக் கெடு பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருப்பதை வக்கீல் மூலம் எடுத்துக்காட்டலாம்.

இதைவிடச் சுத்தமான வழி, விவாகரத்துக்கு முன்பே வீட்டை எழுதி வாங்கிவிடுவது. முத்திரைத் தீர்வைக் கணக்கு இதைப் பளிச்சென்று காட்டும். தமிழ்நாட்டில் கணவன் மனைவிக்கு எழுதும் செட்டில்மென்ட்டுக்குத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலைத் திருத்தத்தின்படி உச்சவரம்பு 40,000 ரூபாய். திருமணம் ரத்தானதும் முன்னாள் மனைவி அந்தச் சலுகை சொல்லும் ‘குடும்பம்’ என்ற வட்டத்துக்கு வெளியே போய்விடுவார். அப்போது 7 சதவீதம். 60 லட்சம் ரூபாய் ஃபிளாட்டுக்கு முதல் கணக்கில் 40,000, இரண்டாவது கணக்கில் 4 லட்சத்து 20 ஆயிரம். முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் இடையில் சட்டம் வைத்திருக்கும் ஆறு மாதத்தைச் சமாதானமாகும் காலம் என்பார்கள். விவரம் தெரிந்த வக்கீல்கள் அதைப் பத்திரப்பதிவுக்குப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால், டிகிரி வங்கியைக் கட்டுப்படுத்தாது. தவணையைக் கணவர் கட்டுவார் என்று டிகிரியில் எழுதி வாங்கியவர், அவர் கட்டாமல் விட்ட மூன்றாம் மாதம் வங்கியின் நோட்டீஸைத் தன் வாசலில் பார்ப்பார். கடனை அடைத்து, மூலப்பத்திரத்தை வங்கியிலிருந்து மீட்டுத் தருவது வரை நிபந்தனையில் இருக்க வேண்டும்.

நகைக்கு வருவோம். கேரளத்தில் 2003-ல் நடந்த ஒரு திருமணத்தில் பெண் வீட்டார் 89 பவுன் போட்டார்கள். பத்திரமாக வைப்பதாகச் சொல்லி அவை கணவன் வழியாக மாமியார் கைக்குப் போயின, திரும்பவில்லை என்பது அந்தப் பெண்ணின் வழக்கு. குடும்ப நீதிமன்றம் 2011-ல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் நகை விஷயத்தில் அதை மாற்றியது. கடைசியில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அவர் நகைக்கு ஆதியில் கேட்டிருந்த மதிப்பு 8 லட்சத்து 90 ஆயிரம் என்பதால் நீதிமன்றம் தாராளம் காட்டியது என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்த மாதம் சென்னையில் பவுன் விலை 50,000-ஐத் தாண்டியிருந்தது. 89 பவுனுக்கு அந்த விலையே 44 லட்சத்துக்கு மேல்.

இதிலிருந்து ஒரு வாசகம் கிடைக்கிறது. அசையும் பொருளைத் திருப்பித் தரச் சொல்லும் டிகிரியில், பொருள் கிடைக்காவிட்டால் எவ்வளவு பணம் என்பதும் இருக்க வேண்டும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டம். அந்த இடத்தில் மனு போட்ட தேதியின் விலையை எழுதிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதில் எடையைக் கிராமில் குறித்து, பணமாகக் கட்டும் நாளின் சந்தை மதிப்பு என்று ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும். நெக்லஸ், ஆரம், வளையல், ஒட்டியாணம் என்று ஒவ்வொன்றுக்கும் எடை, கிடைத்தால் கடை ரசீது, இல்லாவிட்டால் முகூர்த்தத்தில் எடுத்த போட்டோ. கல்யாண ஆல்பத்தைக் கோபத்தில் கிழித்துப்போடுபவர்கள் தங்கள் முதல் ஆவணத்தைக் கிழிக்கிறார்கள்.

டிகிரி வந்ததும் செய்ய வேண்டியவை சில. சான்றிட்ட நகலுக்கு மனு போட வேண்டும். எதிர்த்தரப்பு அப்பீலுக்குப் போகும் என்று தோன்றினால் தன்னைக் கேட்காமல் தடை தரக்கூடாது என்று உயர் நீதிமன்றத்தில் கேவியட் போட்டுவைக்கலாம். அது 90 நாள் நிற்கும். அப்பீல் போட்டாகிவிட்டது என்று சொல்லிப் பணம் கட்டாமல் இருப்பவரைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. தடை உத்தரவு இல்லாத அப்பீல் டிகிரியை நிறுத்தாது. சம்மத டிகிரியாக இருந்தால் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி அப்பீலே கிடையாது. நிறைவேற்று மனுவுக்குக் காலவரம்பு 12 ஆண்டு. மாதாமாதம் தர வேண்டிய தொகைக்கு ஒவ்வொரு தவறுதலிலிருந்தும் இந்தக் காலம் ஓடும். ஆனாலும் இரண்டு ஆண்டைத் தாண்டினால் எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. வங்கிக் கணக்கைக் காலிசெய்ய அந்த அவகாசம் தாராளம். சொத்து வேறு ஊரில் இருந்தால் டிகிரியை அந்த ஊர்க் குடும்ப நீதிமன்றத்துக்கோ சிவில் நீதிமன்றத்துக்கோ அனுப்பச் சொல்லலாம். வக்கீல் கட்டணம்தான் தடை என்றால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

பணம் தர வேண்டியவரிடம் என்ன இருக்கிறது என்பது தெரியாவிட்டால் எதை ஜப்தி செய்வது? ரஜனேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வழக்கு நடந்தபோது தாக்கலான அந்தக் காகிதம் பழைய கட்டில் கிடக்கும். முதலில் அதை எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21, விதி 41 இருக்கிறது. பணம் தர வேண்டியவரைக் கூண்டில் ஏற்றி, எந்த வங்கி, எந்த நிலம், யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம். சொத்து விவரத்தை வாக்குமூலமாகத் தரவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். தராவிட்டால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. ஏனோ நம் கோர்ட்டுகளில் இந்த விதியைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. நிலம் இருக்கும் ஊர் தெரிந்தால், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது ஒரு சாயங்கால வேலை.

மாதச் சம்பளக்காரர் என்றால் பாதிக் கவலை விட்டது. முதலாளிக்கு நேராகப் போகும் உத்தரவு அது. அரசு ஊழியருக்கு அதே ஆணையின் விதி 48, தனியார் ஊழியருக்கு விதி 48ஏ. உத்தரவு வந்த பிறகும் பிடிக்காமல் முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டால், அந்தத் தொகைக்கு முதலாளியே பொறுப்பு. எவ்வளவு பிடிக்கலாம் என்பதில்தான் டிகிரியின் சொற்கள் பணமாக மாறுகின்றன. சாதாரணக் கடன் டிகிரி என்றால், சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதத்துக்கு மேல் பிடிக்கவும் கூடாது. ஜீவனாம்ச டிகிரி என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே விலக்கு. ஜப்திக் கணக்கில் வரும் சம்பளம் 46,000 ரூபாய் என்றால் முதல் வகையில் மாதம் 15,000 பிடிக்கலாம், இரண்டாம் வகையில் 30,666. ஒரே மனிதர், ஒரே சம்பளம். சமரசப் பேச்சில் கௌரவத்துக்காக ‘ஜீவனாம்சம் எதுவும் வேண்டாம், கணக்குத் தீர்த்தால் போதும்’ என்று எழுதிக்கொடுக்கும் பெண்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

வங்கி வைப்புத்தொகை, அவருக்கு மற்றவர்கள் தர வேண்டிய பாக்கி ஆகியவற்றுக்கு, வைத்திருப்பவரையே கட்டச் சொல்லும் கார்னிஷி உத்தரவு. வருங்கால வைப்புநிதியைத் தொட முடியாது. சமையல் பாத்திரம், படுக்கை, உடுத்தும் துணி, கைவினைஞரின் கருவி, உழவு மாடு ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத அணிகலனையும் 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம் மறக்காமல் விலக்கியிருக்கிறது.

வீடு, நிலம் என்றால் ஜப்தி உத்தரவு தமுக்கடித்துச் சொல்லப்படும். சொத்திலும் கோர்ட்டிலும் ஒட்டப்படும். அதன் பிறகு அவர் செய்யும் விற்பனை, டிகிரிதாரருக்கு எதிராகச் செல்லாது. உத்தரவின் நகல் சார்பதிவாளருக்குப் போய் வில்லங்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அடுத்தது ஏல அறிவிப்பு. ஏலம் எடுப்பவர் அன்றே 25 சதவீதமும், 15 நாளுக்குள் மீதியும் கட்ட வேண்டும். கோர்ட் அனுமதியோடு டிகிரிதாரரே ஏலம் கேட்டு, தனக்கு வர வேண்டிய தொகையைக் கழித்துக்கொள்ளலாம். நடைமுறையில் அவ்வளவு தூரம் போவது குறைவு. ஏல நோட்டீஸ் சொந்த ஊர் வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்ட வாரத்தில்தான் பலருக்குப் பணம் புரளும்.

அதற்கு முன்பே அண்ணன் பேருக்கு எழுதிவைத்துவிட்டால்? கடன்காரர்களை ஏய்க்க எழுதிய பத்திரத்தைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-வது பிரிவில் ரத்து செய்யக் கேட்கலாம். வழக்கு நடக்கும்போது எழுதினால் 52-வது பிரிவு உதவும், ஆனால் அந்தக் குறிப்பிட்ட சொத்தின் மேலேயே வழக்கில் உரிமை கோரியிருந்தால்தான். வெறும் விவாகரத்து மனு நிலத்தைக் காக்காது. சர்வே எண்ணை மனுவில் எழுதி, ஜீவனாம்சத்தை இந்தச் சொத்தின் மேல் பாரமாக ஏற்ற வேண்டும் என்று கேட்டிருந்தால் நிலைமையே வேறு.

எழுதித் தர வேண்டியவர் வராமல் டிமிக்கி கொடுத்தால் ஆணை 21-ன் விதி 34 கைகொடுக்கும். பத்திர வரைவை டிகிரிதாரர் கோர்ட்டில் கொடுக்கிறார்; எதிர்த்தரப்பின் ஆட்சேபத்தைக் கேட்கிறார்கள்; பிறகு அவருக்குப் பதிலாக நீதிமன்றமே கையெழுத்திடுகிறது. இந்த விதி இருபாலருக்கும் பொது. தன் பணத்தில் வாங்கிய ஃபிளாட் மனைவி பேரில் இருந்து, அதைத் திருப்பி எழுதச் சொல்லி டிகிரி பெற்ற கணவன்மார்களும் இதே வழியில்தான் வருகிறார்கள்.

கைது கடைசி ஆயுதம். பணம் இருந்தும் தர மறுப்பவரைத்தான் சிவில் சிறைக்கு அனுப்பலாம், இல்லாதவரை அல்ல என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1980-ல் எழுதிய தீர்ப்பு இன்றும் வழிகாட்டி. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிகிரிக்கு அதிகபட்சம் மூன்று மாதம். பண டிகிரிக்காகப் பெண்ணைக் கைது செய்ய முடியாது. இதில் ஒரு வேடிக்கை: உள்ளே இருப்பவரின் சாப்பாட்டுச் செலவைப் பணம் வர வேண்டியவர்தான் முன்கூட்டிக் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் அவரை விட்டுவிடுவார்கள். செலவு பிறகு கணக்கில் சேரும் என்றாலும், ஜீவனாம்சம் வராத பெண் அவருக்குச் சோறு போடக் காசு கட்டும் காட்சி சட்டப் புத்தகத்தில் இன்னமும் இருக்கிறது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில், 2024 ஜூலைக்குப் பிறகு அதன் இடத்துக்கு வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 144-ல், வாங்கிய மாத ஜீவனாம்ச உத்தரவின் பாதை வேறு. தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. ஆனால் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வாரண்ட் மனு போட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. சிறைக்குப் போய்வந்ததால் பாக்கி தீராது. ஓராண்டு தாண்டினால் வாரண்ட் வழி மட்டுமே அடைபடும், உரிமை போகாது.

கணவன் அமெரிக்காவில் இருந்தால் இந்திய டிகிரியை அங்கே நேரடியாக நிறைவேற்ற முடியாது. விசா வாங்கிக்கொண்டு பறந்துவிடலாம், கும்பகோணத்து வீட்டைச் சூட்கேஸில் வைத்துக்கொண்டு போக முடியாது. இங்குள்ள சொத்தை, வாடகையை, கணக்கைப் பிடிப்பதுதான் நடக்கிற காரியம். அவர் இறந்துவிட்டால், வாரிசுகள் தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பணம் கோர்ட்டுக்கு வெளியே கைமாறினால் ஆணை 21-ன் விதி 2-ஐ மறக்கக்கூடாது. கோர்ட்டில் பதிவு செய்யாத வெளிப்பணத்தை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. வாங்கியவர் மெமோ போட வேண்டும்; போடாவிட்டால் கொடுத்தவர் 30 நாளுக்குள் மனு போட வேண்டும். கல்யாண மண்டப வாசலில் ரொக்கமாக மூன்று லட்சம் கொடுத்தேன் என்று பிறகு சொல்லும் கணவன், அதை மறுபடியும் கட்டுவதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

கடைசியாக, வீட்டைச் சுவாதீனம் எடுக்கும் நாள். பேட்டா கட்டிய ரசீது, டிகிரி நகல், சொத்து அட்டவணை ஆகியவற்றோடு அமீனா வருவார். பூட்டியிருந்தால் பூட்டை உடைக்க உத்தரவு வேண்டும். தகராறு வரும் என்றால் போலீஸ் பாதுகாப்புக்கு முன்கூட்டியே மனு போட வேண்டும். உள்ளே மாமனாரோ வாடகைதாரரோ உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தால், அமீனா எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார். தடையை நீக்கக் கோரும் மனுவுக்கு அன்றிலிருந்து 30 நாள். யாரும் தடுக்காவிட்டால் உள்ளே இருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிவைத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, புதுப்பூட்டு ஒன்றை, முடிந்தால் அவர் கண் முன்னாலேயே, பூட்டிவிட வேண்டும். அன்று பிற்பகலே மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் மீட்டரின் பெயரை மாற்ற விண்ணப்பம் கொடுத்துவிடலாம். பட்டாவுக்கும் சொத்துவரிக்கும் மறுநாள் போனால் போதும்.